சம்பள நாள் வரிசை

அன்று கல்மலைத் தோட்டத்து மண்டபத்தின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள். வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர் கதிரவேலு. சங்கத்தின் எழுத்தர் புனிதா. மண்டபக் கதவின் சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருந்த பத்துமலை. பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்து, ஓய்ந்த ஏழு பேர். அவர்களில் முதலாவதாக நின்றவர் ராக்காயி. காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆளான தர்மேந்திரன். ஒரு மேசைக் கணினி, அதில் செருகிய ரேகைக் கருவி. பதினொன்றரைக்கு மேல் நானும். மற்ற முப்பத்தேழு குடும்பத்தாரும் பதிவை முடித்துக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விட்டிருந்தார்கள்.

சங்கத்தின் புது வீடுகள் மொத்தம் நாற்பத்து நான்கு. லயத்தின் பழைய வரிசை வீடுகளில் இன்னும் குடியிருக்கும் நாற்பத்து நான்கு குடும்பங்களுக்கும் ஆளுக்கொன்று. மதியம் ஒரு மணிக்குள் ரேகை பதிந்தவர்கள்தான் குலுக்கலில் வீட்டு எண் எடுக்கலாம். ஒரு மணிக்குக் கதவைப் பூட்டுவார்கள். பதியாதவரின் வீடு காத்திருப்போர் பட்டியலுக்குப் போகும். லயத்தை அடுத்த மாதம் இடிக்கிறார்கள். அந்த நாளைப் பற்றி இதற்கு மேல் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை.

நான் புந்தோங்கில் ஒரு கணினிப் பழுதுக் கடையில் இருக்கிறேன். அதற்கு முன்பு ஒரு தொழிற்சாலையின் சர்வர் அறையில் மூன்று வருடம் இரவு ஷிப்ட். ஒரு நாள் நுழைவு அட்டையை மேசையில் வைத்துவிட்டு வந்தேன், மறுபடி போகவில்லை. சங்கத்துக் கணினியை விற்றது எங்கள் கடை என்பதால் பதினொரு மணிக்குப் புனிதா எனக்கு போன் செய்தாள்.

"சுரேன் அண்ணே, கம்ப்யூட்டர் நீலமா போயிட்டு போயிட்டு வருது. கெட்டுப்போச்சு, ரோசாக் ஆயிருச்சு லா."

"எத்தன தடவ?"

"மூணு."

"எப்ப இருந்து?"

"பத்து நாப்பது. அது வரைக்கும் ஒண்ணும் இல்ல. முப்பத்தேழு பேரு வரிசையா முடிச்சிட்டாங்க. பிறகுதான்."

இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிவிட்டு அதன் பிறகு விழுந்து விழுந்து எழுகிற கணினி என்றால் சூடு. போனிலேயே முடிவு செய்துவிட்டேன். காற்றாடி நின்றிருக்கும், அல்லது தூசி அடைத்திருக்கும். அந்த முடிவையும் ஒரு தூரிகையையும் எடுத்துக்கொண்டு சிம்மோர் தாண்டி மோட்டாரில் வந்தேன்.

நான் போனபோது எல்லோரும் ஏற்கெனவே அதே முடிவுக்கு வந்திருந்தார்கள். கணினியின் பக்கத் தகடு கழற்றப்பட்டிருந்தது. நின்றிருந்த பெரிய மின்விசிறி அதன் வயிற்றுக்குள் காற்றடித்துக்கொண்டிருந்தது. அது போதாதென்று பத்துமலை ஒரு பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அறையில் இருந்த மனிதர்கள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வா தம்பி," என்றார் பத்துமலை. "ஆளு சாகல. ஆனா விரல வெச்சா சாவுது. அஞ்சாறு நிமிசத்துல அதுவே எந்திரிச்சு உக்காந்துக்குது. அஞ்சு தடவ செத்துருச்சு."

கதிரவேலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருடைய அப்பா இதே தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். இவர் நில அளவைத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வீடு ஒதுக்குவதற்கான பதினெட்டு விதிகளையும் அவரே உட்கார்ந்து எழுதினார்.

"தம்பி, இப்ப பதினொண்டு முப்பத்தஞ்சு," என்றார். "ஒரு மணிக்கு நான் கதவப் பூட்டச் சொல்லுவன். ஆருக்காகவும் நிக்கேலாது. விளங்குதோ?"

"விளங்குது ஐயா."

"மெதுவாவே பாரு மச்சான்," என்றான் தர்மேந்திரன். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். புந்தோங்கில் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கடையின் மாடியில் வாடகைக்கு இருப்பவன். அவனுடைய அப்பா இந்தத் தோட்டத்தை விட்டுப் போய் இருபத்தைந்து வருடம் ஆகிறது. "கம்ப்யூட்டரு பாவம். ரெஸ்ட்டு குடு."

ராக்காயி திரும்பிப் பார்த்தார். அறுபத்தேழு வயது. ஒரு நெகிழிப் பையில் அடையாள அட்டை, சங்கக் கடிதம், தண்ணீர் போத்தல்.

"என் வீட்டுக்கு என்னா பெயிண்டு அடிக்கலாம்னு யோசிச்சு முடிச்சிட்டியாடா?"

"மஞ்சள் அத்தே."

"மஞ்சளா. வெளங்கிரும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தர்மேந்திரனும் சிரித்தான். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லை.

நான் கணினியைத் திறந்தேன். உள்ளே தூசி, எறும்பு, ஆயுத பூஜைக்கு வைத்த குங்குமத்தில் உதிர்ந்த கொஞ்சம். சுத்தம் செய்தேன். காற்றாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெப்பநிலை ஐம்பத்திரண்டு டிகிரி. அது ஒரு சூடே இல்லை. அதைப் பார்த்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நினைவகத் தகடுகளைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். அதைச் சோதிக்கும் நிரலை ஓடவிட்டேன். கருவியை வேறு துளையில் செருகினேன். ஒரு முடிவோடு இருபது கிலோமீட்டர் வந்தவனுக்கு அதை விட்டுவிட மனம் வராது.

பிறகு சோதனைப் பதிவைத் திறந்து என் கட்டைவிரலை வைத்தேன். வந்தது. மறுபடி வைத்தேன். வந்தது. புனிதாவை வைக்கச் சொன்னேன். அவளுடைய ரேகை திரையில் பெரிதாக வந்தது. குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக்கோடு.

"என்ன இது?"

"பேப்பர் வெட்டுற கத்தி. போன வருசம். ஏழு தையல்."

இருவருமாகப் பத்து முறை வைத்துப் பார்த்தோம். ஒரு முறைகூட விழவில்லை. மணி பன்னிரண்டு எட்டு.

"முடிஞ்சது," என்றேன். "பெரியம்மா, வந்து உக்காருங்க."

ராக்காயி உட்கார்ந்து வலது கட்டைவிரலைக் கண்ணாடியில் வைத்தார். திரை நீலமானது.

ராக்காயிதான் பேசினார். என்னைப் பார்த்துக்கூட அல்ல, தன் விரலைப் பார்த்து.

"மொதல்ல சம்பளம் வாங்க செக்ரோல்ல கைநாட்டு வெச்சோம். அசிங்கமா இருக்குன்னு ராத்திரி வகுப்புக்குப் போயி கையெழுத்து கத்துக்கிட்டேன். இப்ப கையெழுத்து வேணாம், விரல வையின்றாங்க. வெச்சா மெசினு சாவுது. என்னா எழவுடா இது."

"பேய் விரலு அத்தே," என்றான் தர்மேந்திரன்.

"உனக்கு வேணும்னா ஒண்ணு வெட்டித் தரட்டா? வீட்டோட சேத்து வெச்சிக்க."

கணினி மறுபடி எழ ஆறு நிமிடம் எடுத்தது. எழுந்ததும், வந்தவுடனே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கணினி இப்படி விழும்போதெல்லாம் கடைசி நொடியில் தன் நிலையை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டுத்தான் விழும். அந்தக் கோப்புகள் ஆறு இருந்தன. ஆறிலும் ஒரே பெயர்: ரேகைக் கருவியின் டிரைவர்.

டிரைவர் என்பது கருவிக்கும் கணினிக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குச் சொல்கிற சிறிய நிரல். சாதாரண நிரல் தப்பு செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவர் கணினியின் அடிமடியில் உட்கார்ந்திருக்கிறது. அது தப்பு செய்தால் மொத்தக் கணினியும் நின்றுவிடும். இந்த டிரைவர் செய்த தப்பு ஆறு முறையும் ஒன்றேதான். எதையோ பூஜ்யத்தால் வகுத்திருந்தது.

"டிரைவர் சரியில்ல," என்றேன்.

"பார்த்தியா," என்றார் பத்துமலை. அவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். "நான் அப்பவே நெனச்சேன், இது வண்டியோட கோளாறு இல்லன்னு."

புனிதாவிடம் கேட்டேன். "இத யாராச்சும் மாத்துனாங்களா?"

"புதன்கிழம. கருவி வித்த கம்பெனிக்காரன் கோலாலம்பூர்ல இருந்தே உள்ள நொழஞ்சு பழச எடுத்துட்டுப் புதுசு போட்டான். வேகமா இருக்கும்னு சொன்னான்."

வேகமாகத்தான் இருந்தது. முன்பிருந்ததற்குத் திரும்பும் பொத்தான் மங்கலாகக் கிடந்தது, அழுத்த முடியாது. அந்தக் கம்பெனிக்கு அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மூடியிருக்கிறது, திங்கள் காலை ஒன்பது மணிக்கு அழைக்கவும் என்று ஒரு பெண் குரல் மலாயில் சொன்னது. மிகவும் மரியாதையாகச் சொன்னது.

என் விரலை வைத்தேன். விழவில்லை. ஐந்து முறை வைத்தேன். விழவில்லை. டிரைவர் கெட்டது என்றால் எனக்கும் விழ வேண்டும். முப்பத்தேழு பேருக்கும் விழுந்திருக்க வேண்டும்.

"அந்தப் பட்டியலக் குடு," என்றேன் புனிதாவிடம். "நேரத்தோட இருக்கிறது."

எட்டரை மணியிலிருந்து பத்து நாற்பது வரை முப்பத்தேழு பெயர். ஒவ்வொன்றுக்கும் மூன்று மூன்றரை நிமிடம். அதன் பிறகு ராக்காயி, விழுந்தது. மறுபடி ராக்காயி, இரண்டு முறை, விழுந்தது. அடுத்து ஒரு கிழவர், விழுந்தது. அதற்கடுத்தவர், விழுந்தது. அதன் பிறகு நான் வந்துவிட்டேன்.

"இந்த வரிசைய யாரு போட்டா? வீட்டு நம்பரும் இல்ல, பேரு எழுத்தும் இல்ல."

"நான் போடல அண்ணே. அவங்களா வந்து அப்பிடி நின்னாங்க."

"அது சம்பள நாளு வரிச லா," என்றார் பத்துமலை, கேட்கக்கூடாததைக் கேட்டவனைப் பார்ப்பதுபோல. "புல்லுவெட்டு கேங்கு மொதல்ல வாங்கும். பிறகு ஸ்டோரு ஆளுங்க, உரம் போடுறவங்க. மரம் வெட்டுறவங்க கடைசி. அவங்க பால நிறுத்து ஊத்திட்டு வர பதினொரு மணி ஆயிரும்ல."

"இப்ப யாரு பால் நிறுக்குறா?"

"யாரும் இல்லதான். கால் அப்பிடித்தானே போயி நிக்குது."

இந்தத் தோட்டத்தில் கடைசியாகப் பால்மரம் வெட்டி பதினேழு வருடம் ஆகிறது. அதன் பிறகு எண்ணெய்க்கான செம்பனை வந்தது. பிறகு அதுவும் போனது. ஆனால் காலையில் எட்டரை மணிக்கு வரச் சொன்னதும், யாரும் சொல்லாமலே, புல் வெட்டியவர்கள் முன்னாலும் மரம் வெட்டியவர்கள் பின்னாலுமாக நின்றிருக்கிறார்கள். பத்து நாற்பதுக்கு மாறியது கணினியின் சூடு அல்ல. வரிசையில் ஆள் மாறியிருந்தது.

"பெரியம்மா, விரலக் காட்டுங்க."

ராக்காயி கையை நீட்டினார். கட்டைவிரலின் நுனியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். கரண்டியின் பின்பக்கம் போல இருந்தது. கோடு என்று எதுவும் இல்லை.

"இது எப்பிடி ஆச்சு?"

"எப்பிடின்னா? மரத்துல கட்டுன மங்குல பால் மிச்சம் நிக்கும். கட்டவெரல விட்டு வழிச்சு ஊத்தணும். இல்லன்னா வேல வாங்குற மண்டோர் ஏசுவான். ஒரு நாளைக்கி அறுநூறு மரம். மறுநாளு வெட்டுறதுக்கு முன்னாடி மரத்துல காஞ்ச ஒட்டுப்பால் உரிக்கணும், அதுக்கும் வெரலுதான். முப்பத்தாறு வருசம்."

சொல்லிவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். அவருக்கு அது ஒரு செய்தியாகத் தெரியவில்லை. பின்னால் நின்ற ஆறு பேரும் தங்கள் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள், யாரோ எதையோ ஒட்டவைத்துவிட்டதைப் போல.

மேசையில் ஒளிபுகும் டேப் இருந்தது. ஒரு துண்டு கிழித்து என் கட்டைவிரலில் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். கண்ணாடியில் வைத்தேன். திரை நீலமானது.

அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்த ஒரே நொடி அதுதான். கோளாறை நாமே வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கருவி விரலின் படத்தை எடுக்கிறது. டிரைவர் அதில் கோடுகளை எண்ணி, அந்த எண்ணிக்கையால் எதையோ வகுக்கிறது. கோடே இல்லாத விரல் ஒன்று வரும் என்று அதை எழுதியவன் நினைக்கவில்லை. அவனும் தன் விரலைத்தான் வைத்துப் பார்த்திருப்பான்.

"நீங்களே விழுத்திப் போட்டியளே," என்றார் கதிரவேலு.

"ஆமா ஐயா. இப்பத்தான் ஏன்னு தெரிஞ்சுது."

"ஏனெண்டு தெரிஞ்சு என்ன செய்ய? பன்னிரண்டு இருபத்தஞ்சு."

அந்த ஆறு நிமிடம் எல்லோரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளேயிருந்து மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது. தர்மேந்திரன் கால்மேல் போட்ட காலை இறக்கியிருந்தான். அவனுக்கு மூன்று வயதில் ஒன்று, கைக்குழந்தை ஒன்று. மாடி அறையில் மழை பெய்தால் ஒரு மூலையில் வாளி வைக்கிறார்கள். அதுவும் பொய்யில்லை.

கணினி எழுந்தது. கம்பெனிக்காரன் பழைய டிரைவரைக் கருவியிலிருந்து எடுத்திருந்தானே தவிர, கணினிக்குள்ளிருந்து எடுத்திருக்கவில்லை. பெரும்பாலும் யாரும் எடுப்பதில்லை. கணினி தன்னிடம் உள்ள டிரைவர்களின் பட்டியலைக் காட்டச் சொன்னேன். இரண்டு வந்தன, ஒரே பெயர், வேறு வேறு தேதி. இரண்டு வருடத்துக்கு முந்தியதைத் தேர்ந்தேன். இனித் தானாகப் புதிது ஏறாமல் தடுத்தும் வைத்தேன். முதலிலேயே இந்தப் பட்டியலைப் பார்த்திருக்கலாம். மங்கலான பொத்தானைப் பார்த்துப் பழையது போய்விட்டது என்று நம்பிவிட்டேன்.

டேப் ஒட்டிய விரலை வைத்தேன். திரை நீலமாகவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்தது: ரேகை தெளிவில்லை, மீண்டும் வைக்கவும்.

"வாங்க பெரியம்மா."

வலது கட்டைவிரல். தெளிவில்லை. இடது கட்டைவிரல். தெளிவில்லை.

"அப்ப என்ன பிரயோசனம்?" என்றார் கதிரவேலு.

"விரல்ல இல்லாதத என்னால கொண்டுவர முடியாது ஐயா. ஆனா முன்னாடி ஒரு தடவ தப்பானா ஆறு நிமிசம் போச்சு. இப்ப நாலு செகண்டுதான். பத்து விரலையும் வெச்சுப் பாக்கலாம்."

"படிவத்தில கட்டைவிரல் எண்டெல்லோ போட்டிருக்கு."

"படிவம் நான் அடிச்சது ஐயா," என்றாள் புனிதா. "கைநாட்டுன்னா கட்டவெரலுதானேன்னு அடிச்சிட்டேன். உங்க விதி ஒம்பதுல ஒரு விரலின் ரேகைன்னுதான் இருக்கு. எந்த விரல்னு இல்ல."

கதிரவேலு விதிப் புத்தகத்தைத் திறந்து ஒன்பதாவது விதியைப் படித்தார். தான் எழுதியதைத் தானே இரண்டு முறை படித்தார். "வையுங்கோ," என்றார்.

ஆள்காட்டி, நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். பிறகு அடுத்த கை. ஒவ்வொன்றுக்கும் அதே பெட்டி. பத்தாவதுக்கும் வந்தது.

"எல்லா வெரலுமா போச்சு?" என்றார் பத்துமலை.

"காலைல மரம், மத்தியானம் ஸ்டோர்ல பால் உறைய எசிட்டு ஊத்துற வேல," என்றார் ராக்காயி. "அவரு செத்த பிறகு ரெண்டும் பாத்தேன். உனக்குத் தெரியாதா?" எழுந்துகொண்டார். "மத்தவங்களப் பாரு தம்பி. நேரம் ஓடுது."

அடுத்தவருக்கு மூன்றாவது விரல் ஏற்றுக்கொண்டது. அதற்கடுத்தவருக்கு இடது மோதிரவிரல். ஒரு பெண்ணுக்கு ஏழாவது. பத்துமலை திரையில் விழுந்த ஒவ்வொரு பச்சைக் குறிக்கும் கதவைத் திறந்து ஆளை உள்ளே விட்டார். ராக்காயி வெளிக்குழாயில் கையைக் கழுவிவிட்டு வந்து சேலையில் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். ஆறு பேரும் முடிந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

மறுபடி உட்கார்ந்தார். ஈரமாக வைத்தோம், காயவைத்து வைத்தோம், விரல் நுனியை, விரல் ஓரத்தை வைத்தோம். கருவி எந்த அளவுக்கு மோசமான ரேகையை ஏற்கலாம் என்று ஒரு அமைப்பு உண்டு. அது ஏற்கெனவே அடிமட்டத்தில்தான் இருந்தது.

"வேற வழி இல்லயா?" என்றாள் புனிதா.

"மெசின்ல இல்ல," என்றேன். "நான் பண்ணக்கூடியது முடிஞ்சுது."

"விரல் இல்லாதவைக்குத்தான் ரேகைக்குப் பதிலா டாக்டர் கடிதம்," என்றார் கதிரவேலு, யாரும் கேட்காமலே. "இவவுக்கு விரல் இருக்கு. நான் விதிய மாத்தினா வெளியில நிக்கிற பட்டியல் முழுக்க நாளைக்கு என்னிட்ட வரும்." கதவருகே போய் நின்று மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை. அவருடைய அப்பாவும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் இல்லையென்றால் கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனவர்தானாம். பத்துமலை பிறகு சொன்னார்.

தர்மேந்திரன் எழுந்து வந்தான். கையில் அவனுடைய அடையாள அட்டை.

"அத்தே, நான் வேணும்னு வந்து நிக்கல."

"தெரியும்டா. நீ இல்லன்னா வேற ஒருத்தன் நிப்பான்." அவன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். "மஞ்சள் மட்டும் அடிக்காத."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இன்னும் ஒரே ஒரு தடவ வையிங்க அத்தே," என்றாள் புனிதா. "நீங்க லேசா வெக்கிறீங்க. நான் அமுத்திப் பிடிக்கிறேன்."

ராக்காயியின் இடது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்துக் கருவியின் மேல் கவிழ்த்தாள். நான் திரையின் பக்கம் இருந்தேன். படம் வந்தது. நெருக்கமான, சுத்தமான கோடுகள். குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக்கோடு.

பச்சைக் குறி விழுந்தது.

ஏழு தையல் போட்ட விரல் அது. ராக்காயியின் உள்ளங்கைக்கு அடியில் புனிதாவின் கட்டைவிரல். கருவிக்கு அது ஒரு ரேகை, அவ்வளவுதான். யாருடையது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

"பதிஞ்சுதோ?" என்று திரும்பினார் கதிரவேலு.

"பதிஞ்சிருச்சு ஐயா," என்றாள் புனிதா.

"எந்த விரல்?"

"இடது சுண்டுவிரல்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே போனார்.

ராக்காயி தன் கையைப் பார்த்தார், பிறகு புனிதாவை. தன் கைக்கு அடியில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நெகிழிப் பையை எடுத்துக்கொண்டார்.

புனிதா சீட்டை அச்சிட்டாள். நான் அவள் பக்கமாகக் குனிந்து மெதுவாகச் சொன்னேன்.

"டிசம்பர்ல சாவி வாங்க வரும்போது இதே ரேகையத்தான் கேக்கும்."

"டிசம்பர்லயும் இந்த மேசைல நான்தான் லா உக்காந்திருப்பேன்."

"வேல மாறிட்டன்னா?"

"மாற மாட்டேன்." சீட்டைக் கிழித்தாள். "நீங்க வாய மூடிக்கிட்டு உங்க வேலயப் பாருங்க."

என் வேலையைப் பார்த்தேன். சோதனைப் பதிவு என்ற உறையில் அன்று காலை வைத்துப் பார்த்த ரேகைகள் எல்லாம் பெயரோடு கிடந்தன. அதில் ஐந்து புனிதாவுடையது. ஐந்திலும் அந்த வெள்ளைக்கோடு. யாராவது அதையும் ராக்காயியின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நொடி போதும். வேலை முடிந்ததும் சோதனைக் கோப்புகளை அழிப்பது வழக்கம். என்னுடையதையும் சேர்த்து அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

காலையில் சூடு என்று நம்பி நான் வீணடித்த அரை மணி நேரம் இருந்திருந்தாலும் ராக்காயியின் விரலில் ரேகை வந்திருக்காது. அதை அப்போதே யோசித்துப் பார்த்துவிட்டேன். டிரைவர் சரியாகிவிட்டது. அது செய்தது இவ்வளவுதான்: இல்லாததை இல்லை என்று, விழாமல் சொன்னது.

தர்மேந்திரன் பச்சைக் குறியை மட்டும்தான் பார்த்திருந்தான். அடையாள அட்டையை மறுபடி பணப்பைக்குள் வைத்தான். அது உள்ளே போக மறுத்தது. இரண்டு முறை திணித்தான்.

"அடுத்த பேஸ்ல வீடு எப்ப கட்டுவாங்கன்னு ஏதும் சொன்னாங்களா மச்சான்?" என்று என்னிடம் கேட்டான்.

"எனக்குத் தெரியாது."

"சரி லா."

புனிதா பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புக்கு மேல் கிடந்தன. ராக்காயி தன்னுடையதைக் கழற்றி, கூட்டத்தில் தொலையாமல் இருக்கச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார். சீட்டை ஒரு முறை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார்.

"சீக்கிரம் வா தாயி," என்றார் பத்துமலை. "அய்யா மணி பாக்குறாரு."

"வாரேன். ஓடியா போவப்போறேன்."

நிலையைத் தாண்டி உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பத்துமலை தர்மேந்திரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ராக்காயிக்குப் பின்னாலேயே உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து சாவி இரண்டு முறை திரும்பியது.